உடம்புக்குள் உலோகம்: நமது நோய் எதிர்ப்பு மண்டலம் அதை ஏற்றுக்கொள்கிறதா?

செம்பனைத் தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். மட்டையை இழுத்துப் போடும்போது முள் விரலில் ஏறிவிடும். வெளியே தெரிகிற பாதியைப் பிடுங்கிவிடலாம், மீதி உள்ளேயே முறிந்து நின்றுவிடும். மறுநாள் காலையில் பார்த்தால் விரல் வீங்கி, சிவந்து, தொட்டாலே விண்விண்ணென்று தெறிக்கும்.

இப்போது அதே வீட்டில் இன்னொரு காட்சி. பாட்டிக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை நடந்திருக்கிறது. அண்ணன் மோட்டாரிலிருந்து விழுந்ததில் தொடை எலும்பில் கம்பி வைத்திருக்கிறார்கள். ஒரு முள் நுனிக்கே இவ்வளவு ஆர்ப்பாட்டம் பண்ணும் உடம்பு, கையளவு உலோகத்தை எப்படிச் சும்மா விடுகிறது?

சும்மா விடுவதில்லை என்பதுதான் உண்மை. உலோகம் உள்ளே போன நொடியிலிருந்து நோய் எதிர்ப்பு மண்டலம் வேலையைத் தொடங்கிவிடுகிறது. பெரும்பாலானவர்களுக்கு அது ஒரு சமாதான உடன்படிக்கையில் முடிகிறது. சிலருக்கு அரிப்பு, வீக்கம், வலி என்று சண்டை நீடிக்கிறது. இன்னும் சிலருக்கு, சண்டைக்குக் காரணம் உலோகமே இல்லை. அதன் மேல் ஒட்டிக்கொண்ட கிருமி.

இந்த வித்தியாசம் தெரிவது ஏன் முக்கியம்? கோல சிலாங்கூர், ஜெராம், புக்கிட் ரோத்தான், பெஸ்தாரி ஜெயா, தஞ்சோங் காராங் பக்கம் இருக்கும் நம் வீடுகளை நினைத்துப் பாருங்கள். வேலைக்கும் பள்ளிக்கும் மோட்டார்தான். காலமெல்லாம் பால் வெட்டியும் குலை தூக்கியும் முழங்கால் தேய்ந்த தாத்தா பாட்டிகள் இருக்கிறார்கள். பெரிய எலும்பு அறுவை சிகிச்சை என்றால் கிள்ளானுக்கோ சுங்கை பூலோவுக்கோ போகிறோம். அங்கே வார்டில் டாக்டர் மலாயிலும் ஆங்கிலத்திலும் சொல்வதைப் பாட்டிக்குத் தமிழில் எடுத்துச் சொல்வது யார்? பெரும்பாலும் நீங்கள்தான். வீட்டுக்கு வந்த பிறகு கால் சிவந்தால், "உடம்பு இரும்பை ஏத்துக்கலப்பா" என்று சொல்லும் அத்தைக்குப் பதில் சொல்ல வேண்டியதும் நீங்கள்தான்.

முள்ளிலிருந்து தொடங்கிய அறிவியல்

1882-ஆம் ஆண்டு. இத்தாலியின் மெஸ்ஸினா நகரில் தங்கியிருந்த இலியா மெச்னிகோவ் என்ற ரஷ்ய உயிரியலாளர், கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவும் நட்சத்திரமீன் குஞ்சுகளின் உடம்பில் ரோஜா முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலையில் நுண்ணோக்கியில் பார்த்தபோது, முள்ளைச் சுற்றி நகரும் செல்கள் கூட்டமாக மொய்த்திருந்தன. வேண்டாத பொருளைச் சூழ்ந்து விழுங்கப் பார்க்கும் காவல் செல்கள் உயிர்களின் உடம்பில் இருக்கின்றன என்பதற்கு அது சாட்சியானது. 1908-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

உங்கள் விரலில் ஏறிய செம்பனை முள்ளைச் சுற்றி நடப்பதும் அதுதான். பாட்டியின் முழங்காலில் நடப்பதும் ஏறக்குறைய அதேதான்.

உலோகம் உள்ளே போனதும் நடப்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

முதல் சில நொடிகள்: ரத்தத்தில் உள்ள புரதங்கள் உலோகத்தின் மேல் படலமாகப் படிகின்றன. அதன் பிறகு வரும் காவல் செல்கள் வெறும் உலோகத்தை நேரடியாகத் தொடுவதே இல்லை. இந்தப் புரதப் போர்வையைத்தான் தொட்டுப் பார்க்கின்றன.

முதல் ஓரிரு நாள்: நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் ஓடி வருகின்றன. தீயணைப்புப் படை மாதிரி, முதலில் வந்து, வேகமாக வேலை பார்த்து, சீக்கிரமே மடிந்துவிடும். அறுவை சிகிச்சைக்குப் பிறகு வரும் வீக்கத்திலும் சூட்டிலும் இவற்றுக்குப் பங்கு உண்டு.

அடுத்த சில நாட்கள்: மேக்ரோஃபேஜ் என்ற பெரிய விழுங்கும் செல்கள் வருகின்றன. கிருமியை விழுங்கலாம், செத்த செல்லை விழுங்கலாம். ஆனால் ஒரு உலோகத் தகட்டை எப்படி விழுங்குவது? முடியாதபோது பல செல்கள் ஒன்றோடொன்று இணைந்து ஒரே ராட்சச செல்லாக மாறிப் பார்க்கும். அதற்கும் முடியாது.

அடுத்த சில வாரங்கள்: அழிக்கவும் முடியவில்லை, வெளியே தள்ளவும் முடியவில்லை. அப்போது உடம்பு மூன்றாவது வழியைத் தேர்ந்தெடுக்கிறது. அந்தப் பொருளைச் சுற்றி மெல்லிய நார்த்திசுச் சுவர் எழுப்பி, தனியாக ஒதுக்கி வைத்துவிடுகிறது.

பழைய ரப்பர் தோட்டங்களில் இதைக் கண்ணாலேயே பார்த்திருப்பீர்கள். பால் கோப்பையைத் தாங்குவதற்காகக் கட்டிய கம்பியைப் பல வருடம் அப்படியே விட்டுவிட்டால், மரம் வளர்ந்து கம்பியை உள்ளே மூடிக்கொள்ளும். மரம் கம்பியை ஏற்றுக்கொண்டது என்றும் சொல்ல முடியாது, எதிர்த்தது என்றும் சொல்ல முடியாது. 'நீ அங்கேயே இரு, நான் என் வேலையைப் பார்க்கிறேன்' என்ற ஏற்பாடு அது.

டைட்டானியம் ஏன் செல்லப்பிள்ளை?

சுற்றிச் சுவர் எழுப்புவதோடு எல்லா உலோகக் கதையும் முடிவதில்லை. 1950-களில் சுவீடனைச் சேர்ந்த பெர்-இங்வார் பிரானமார்க் என்ற ஆய்வாளர், எலும்புக்குள் ரத்த ஓட்டத்தைக் கவனிப்பதற்காக முயல்களின் காலில் டைட்டானியத்தால் செய்த கருவியைப் பொருத்தினார். ஆய்வு முடிந்து எடுக்கப் போனால் அது வரவில்லை. எலும்பு நேரடியாக டைட்டானியத்தோடு சேர்ந்து வளர்ந்துவிட்டிருந்தது. 1965-இல் முதன்முறையாக ஒரு மனிதரின் தாடையில் டைட்டானியப் பல் வேர் பொருத்தினார். இன்று பல் மருத்துவமனைகளில் வைக்கும் 'இம்ப்ளான்ட்' அதன் வாரிசுதான்.

ரகசியம் டைட்டானியத்தின் மேற்பரப்பில் இருக்கிறது. காற்று பட்ட கணத்திலேயே அதன் மேல் சில நானோமீட்டர் தடிமனில் ஆக்சைடு படலம் உருவாகிவிடும். கீறினாலும் மறுபடி உடனே மூடிக்கொள்ளும். உடம்பு பார்ப்பது அந்த அமைதியான படலத்தைத்தான்.

டைட்டானியம் நமக்கு ரொம்ப அந்நியமும் இல்லை. பெஸ்தாரி ஜெயாவைப் பத்தாங் பெர்ஜுந்தை என்றே இன்னும் சொல்லும் பெரியவர்களைக் கேளுங்கள், அந்த வட்டாரத்து ஈயக்குட்டைகளைப் பற்றிச் சொல்வார்கள். நம் நாட்டில் ஈயம் அலசிய பிறகு மிஞ்சும் கனமான மணலுக்கு 'அமாங்' என்று பெயர். அதில் இருக்கும் இல்மனைட் என்ற கனிமம் டைட்டானியத்தின் மூலப்பொருள்களில் ஒன்று. கன்னியாகுமரி மாவட்டம் மணவாளக்குறிச்சிக் கடற்கரை மணலிலிருந்தும் அதே இல்மனைட்டைத்தான் பிரித்தெடுக்கிறார்கள்.

ஆனால் எல்லா இம்ப்ளான்ட்டும் டைட்டானியம் இல்லை. எலும்பு முறிவுக்கு வைக்கும் தகடும் திருகாணியும் பல சமயம் 316 எல் வகைத் துருப்பிடிக்காத எஃகு. அதில் 100 கிராமுக்குச் சுமார் 14 கிராம் நிக்கல் இருக்கும். செயற்கை முழங்காலின் தொடைப் பகுதி பெரும்பாலும் கோபால்ட்-குரோமியம் கலவை. இங்கேதான் ஒவ்வாமைக் கேள்வி வருகிறது.

கவரிங் தோடு சொல்லும் பாடம்

"எனக்குக் கவரிங் ஒத்துக்காது, காது அரிக்கும்" என்று சொல்லும் ஒருவராவது உங்கள் வீட்டில் இருப்பார். தீபாவளிக்கு ஆசையாகப் போட்ட தோடு, இரண்டு நாளில் காது மடல் சிவந்து, நீர் வடிந்து, தோல் உரியும். பல சமயம் குற்றவாளி, மேல் பூச்சுக்குக் கீழே இருக்கும் நிக்கல்.

நடப்பது இதுதான். நம் ஊர் வெயிலுக்கு வழியும் வியர்வையில் உப்பு இருக்கிறது. அது நிக்கலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைக்கிறது. கரைந்த நிக்கல் அயனி மிகமிகச் சின்னது. தனியாக அதை நோய் எதிர்ப்பு மண்டலம் கவனிக்காது. ஆனால் அது தோலில் உள்ள நம் சொந்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டால், அந்தப் புரதத்தின் உருவம் மாறிவிடுகிறது. தெரிந்த முகம், ஆனால் முகமூடி போட்ட மாதிரி. தோலில் உள்ள காவல் செல்கள் அதைத் தூக்கிக்கொண்டு போய் நிணநீர்க் கணுவில் இருக்கும் டி-செல்களிடம் காட்டுகின்றன. டி-செல்கள் ஞாபகம் வைத்துக்கொள்கின்றன. அடுத்த முறை நிக்கல் பட்டால், அந்த ஞாபகம்தான் அரிப்பாக வெளியே வருகிறது.

இதில் ஒரு சுவாரசியம் உண்டு. சாதாரண எலிகளுக்கு நிக்கல் ஒவ்வாமை எளிதில் வருவதில்லை. காரணத்தை 2010-இல் ஒரு ஜெர்மன் ஆய்வுக் குழு கண்டுபிடித்தது. பாக்டீரியாவை அடையாளம் காண்பதற்காக நம் செல்களில் டி.எல்.ஆர்.4 என்ற ஒரு 'அலாரம்' இருக்கிறது. மனிதர்களின் அலாரத்தில் நிக்கல் போய் ஒட்டிக்கொள்ள வசதியான இடம் அமைந்திருக்கிறது. எலிகளின் அலாரத்தில் அந்த இடம் இல்லை. ஆக, கவரிங் தோடு பட்டால் உடம்பு ஏதோ கிருமி வந்துவிட்டது போல அலாரம் அடிக்கிறது.

ரப்பர் கையுறை ஒவ்வாமையும் உலோக ஒவ்வாமையும் ஒன்றா என்று கேட்டால், இல்லை. பால்மரத்துப் பாலில் உள்ள புரதத்துக்கு வருவது உடனடி ஒவ்வாமை. கையுறை பட்ட சில நிமிடங்களில் தடிப்பு, தும்மல், சிலருக்கு மூச்சுத்திணறல் வரும். அதற்குக் காரணம் ஐ.ஜி.இ என்ற எதிர்ப்புப் புரதம். உலோகத்துக்கு வருவது தாமத ஒவ்வாமை. அது டி-செல்களின் வேலை, வெளியே தெரிய ஒன்றிரண்டு நாளாகும். அதனால்தான் உலோக ஒவ்வாமையைக் கண்டுபிடிக்கும் 'பேட்ச்' பரிசோதனையில், முதுகில் மருந்து ஒட்டி 48 மணி நேரம் கழித்து ஒரு முறையும், மூன்றாம் அல்லது நான்காம் நாள் மறுபடியும் பார்க்கிறார்கள்.

கவரிங் ஒத்துக்காத பாட்டிக்கு முழங்கால் மாற்றலாமா?

பெரும்பாலும் மாற்றலாம். இது பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். ஐரோப்பாவில் நடந்த ஆய்வுகளில் 100 பெண்களில் 15 பேர் வரை நிக்கல் ஒவ்வாமை இருப்பது தெரிந்திருக்கிறது. ஒவ்வாமை உள்ள எல்லாருக்கும் செயற்கை மூட்டு தோல்வி அடைவதாக இருந்தால் மருத்துவமனைகள் நிரம்பி வழிய வேண்டும். அப்படி நடக்கவில்லை. டென்மார்க்கில் இடுப்பு மாற்று அறுவை சிகிச்சைப் பதிவேட்டையும் பேட்ச் பரிசோதனைப் பதிவுகளையும் ஒப்பிட்டு 2009-இல் வெளியான ஆய்வு, உலோக ஒவ்வாமை இருப்பவர்களுக்கு மறு அறுவை சிகிச்சை கூடுதலாகத் தேவைப்பட்டதாகக் காட்டவில்லை.

காரணம், தோலும் உடம்பின் உட்புறமும் ஒன்றல்ல. தோல் வெளி எல்லை. அங்கே காவல் செல்கள் ஒவ்வொன்றையும் பிடித்து விசாரிக்கும். எலும்புக்குள் அந்த அளவு கெடுபிடி இல்லை. தவிர, இம்ப்ளான்ட் எஃகின் மேல் உள்ள குரோமியம் ஆக்சைடு படலம், மலிவுத் தோட்டின் பூச்சைவிடப் பல மடங்கு உறுதியானது. நிக்கலை எளிதில் வெளியே விடாது.

ஆனாலும் சிறு எண்ணிக்கையினருக்கு உண்மையிலேயே பிரச்சனை வருகிறது. அறுவை சிகிச்சைக்குச் சில வாரமோ மாதமோ கழித்து, தகடு இருக்கும் இடத்துக்கு மேலே தோல் சொறியும். மூட்டு விடாமல் வீங்கும். வேறு காரணம் எதுவும் கிடைக்காது. அதனால், கவரிங்கோ பெல்ட் பக்கிளோ பட்டால் கடுமையாக அரிக்கும் என்றால், அறுவை சிகிச்சைக்கு முன்பே டாக்டரிடம் சொல்லிவிடுவது நல்லது. டைட்டானியம், பீங்கான், மேற்பூச்சுப் போட்ட மூட்டுகள் என்று மாற்று வழிகள் இருக்கின்றன.

தேய்ந்து விழும் தூள்

முழுத் தகட்டோடு சமாதானம் செய்துகொள்ளும் உடம்பு, அதன் தூளோடு அப்படிச் செய்வதில்லை. தகட்டை விழுங்க முடியாது. ஆனால் மைக்ரோமீட்டருக்கும் சின்னதான தூளை மேக்ரோஃபேஜ் விழுங்கிவிடும். விழுங்கிய பிறகு செரிக்க முடியாது. எரிச்சலில் அவை வெளியிடும் ரசாயனச் சைகைகள், எலும்பைக் கரைக்கும் செல்களைத் தட்டி எழுப்பிவிடும். மூட்டைச் சுற்றி எலும்பு அரித்து, மூட்டு ஆட ஆரம்பிக்கும்.

இன்றைய இடுப்பு மாற்று அறுவை சிகிச்சையின் தந்தை என்று போற்றப்படும் இங்கிலாந்தின் ஜான் சார்ன்லி இதைச் சொந்த உடம்பிலேயே சோதித்தார். முதலில் அவர் டெஃப்லான் கிண்ணத்தை நோயாளிகளுக்குப் பொருத்தினார். சில ஆண்டுகளில் அது தேய்ந்து, சுற்றிலும் திசு கெட்டுப்போனது. காரணம் தேடியவர், டெஃப்லான் துகள்களைத் தன் தொடைக்குள்ளேயே வைத்துப் பார்த்தார். அந்த இடத்தில் கட்டி உருவானது. 1963-இல் இதை மருத்துவ இதழில் எழுதினார். அதற்கு முந்தைய ஆண்டே அவர் வேறு வகைப் பிளாஸ்டிக்குக்கு மாறியிருந்தார். அந்தப் பாலித்தீன் வகைதான் மேம்பட்ட வடிவத்தில் இன்றும் பயன்பாட்டில் இருக்கிறது.

பிளாஸ்டிக் தேய்கிறது என்றால் இரண்டு பக்கமும் உலோகமாகவே வைத்தால் என்ன? அப்படி வந்ததுதான் ஏ.எஸ்.ஆர் இடுப்பு மூட்டு. ஜான்சன் அண்ட் ஜான்சனின் டிப்யூ நிறுவனத் தயாரிப்பு. கோபால்ட்-குரோமியக் குண்டு, அதே உலோகக் கிண்ணம். நடக்க நடக்க இரண்டும் உரசி, நானோ அளவு உலோகத் தூளும் அயனிகளும் வெளியேறின. சிலருக்கு மூட்டைச் சுற்றி டி-செல்கள் குவிந்து, திசு அழுகி, புற்றுநோய் அல்லாத கட்டிகள் வந்தன. ரத்தத்தில் கோபால்ட் ஏறியது.

இங்கிலாந்து, வேல்ஸ் மூட்டுப் பதிவேடு, 5 ஆண்டுக்குள் ஏறக்குறைய 8 பேரில் ஒருவருக்கு மறு அறுவை சிகிச்சை தேவைப்படுவதைக் காட்டியது. 2010 ஆகஸ்ட்டில் நிறுவனம் உலகம் முழுவதும் அந்த மூட்டைத் திரும்பப் பெற்றது. பொருத்தப்பட்டவர்கள் சுமார் 93,000 பேர்.

இந்தியாவில் சுமார் 4,700 அறுவை சிகிச்சைகளில் இது பயன்பட்டது. 2017-இல் இந்திய அரசு நிபுணர் குழுவை அமைத்தது. 2018-இல் வெளியே வந்த அதன் அறிக்கை, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தது 20 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. பிறகு உடல் பாதிப்பின் அளவுக்கு ஏற்ப 30 லட்சம் முதல் 1.23 கோடி வரை கணக்கு வகுக்கப்பட்டது. நிறுவனம் அதை நீதிமன்றத்தில் எதிர்த்தது.

ஆனால் அந்த விவகாரத்தில் மனசை உறுத்துவது வேறொன்று. பொருத்தப்பட்டவர்களில் ஆயிரக்கணக்கானவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்கவே முடியவில்லை. தன் இடுப்புக்குள் இருப்பது எந்த நிறுவனத்தின் எந்த மாடல் என்று தெரியாதவருக்கு, திரும்பப் பெறுகிறோம் என்ற அறிவிப்பு வந்தாலும் அது தனக்கானது என்று எப்படித் தெரியும்? இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவோம்.

உண்மையான வில்லன்: கிருமி

அறுவை சிகிச்சை செய்த கால் சிவந்து வீங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஒவ்வாமையை இல்லை, கிருமித் தொற்றை. செயற்கை மூட்டு வைத்தவர்களில் 100-க்கு ஒருவர் இருவருக்கு இது வருகிறது. எண்ணிக்கை குறைவுதான். ஆனால் வந்துவிட்டால் மூட்டையே கழற்ற வேண்டி வரலாம்.

உலோகம் இருக்கும் இடத்தில் கிருமிக்கு ஏன் இவ்வளவு கொண்டாட்டம்? 1957-இல் இரண்டு ஆய்வாளர்கள் தன்னார்வலர்களின் தோலில் செய்த சோதனை பிரபலமானது. சீழ் பிடிக்கப் பல லட்சம் ஸ்டெஃபிலோகாக்கஸ் கிருமிகள் தேவைப்பட்டன. அதே இடத்தில் ஒரு தையல் நூல் இருந்தபோது, அதைவிடப் பல்லாயிரம் மடங்கு குறைவான கிருமியே போதுமானதாக இருந்தது. வெளிப்பொருளோடு மல்லுக்கட்டிக் களைத்துப்போன வெள்ளை அணுக்களால் கிருமியைச் சரியாக அடிக்க முடிவதில்லை.

தவிர, உலோகத்தின் மேல் முதலில் இடம் பிடிப்பது யார் என்று உடம்பின் செல்களுக்கும் கிருமிக்கும் ஒரு போட்டியே நடக்கிறது. கிருமி முந்திக்கொண்டால், குளத்தங்கரைக் கல்லில் பாசி படிவது போல வழுவழுப்பான படலம் கட்டிக்கொண்டு உள்ளே ஒளிந்துவிடும். வெள்ளை அணுவும் சரி, ஆன்டிபயாட்டிக் மருந்தும் சரி, அதற்குள் சரியாகப் போய்ச் சேராது.

இங்கே நம் சமூகத்துக்கு ஒரு கூடுதல் கவலை உண்டு. 2019-ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசிய இந்தியப் பெரியவர்களில் சுமார் 31 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. தேசிய சராசரி 18.3 விழுக்காடு. ரத்தத்தில் சர்க்கரை கூடினால் வெள்ளை அணுக்கள் மந்தமாகிவிடும், காயம் ஆற நாளாகும். "இனிப்புநீர் கூட இருக்கு, கொறைச்சுட்டு வாங்க" என்று டாக்டர் அறுவை சிகிச்சையைத் தள்ளிப்போட்டால் கோபப்படாதீர்கள். அது பாட்டியின் முழங்காலைக் காப்பாற்றும் முடிவு.

தொற்று அறுவை சிகிச்சை அறையில்தான் வரும் என்றும் இல்லை. வருடங்கள் கழித்துக்கூட, காலில் ஆறாத புண்ணிலிருந்தோ சொத்தைப் பல்லிலிருந்தோ கிருமி ரத்தத்தில் ஏறி மூட்டில் போய் உட்காரலாம்.

எது ஒவ்வாமை, எது தொற்று?

இறுதியாகச் சொல்ல வேண்டியவர் டாக்டர்தான். ஆனாலும் எதற்கு எவ்வளவு அவசரம் என்று நீங்கள் தெரிந்துகொள்ளலாம்.

- காய்ச்சல், குளிர், தையலில் சீழ் அல்லது நீர், நாளுக்கு நாள் கூடும் வலி, சூடான சிவப்பு: தொற்றாக இருக்கலாம். நாளைக்குப் பார்க்கலாம் என்று வைக்காதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போங்கள்.
- கெண்டைக்கால் திடீரென வீங்கி வலிப்பது, மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி: ரத்தக் கட்டியாக இருக்கலாம். உடனே அவசரப் பிரிவு.
- காய்ச்சல் இல்லை, ஆனால் தகட்டுக்கு மேலே தோலில் அரிப்பும் சொறியும், சில வாரம் கழித்து வந்தது: ஒவ்வாமையாக இருக்கலாம். உலோகம்தான் காரணம் என்றில்லை. பிளாஸ்டர், தடவிய மருந்து, எலும்புச் சிமெண்ட்கூட காரணமாகலாம்.
- பல வருடம் நன்றாக இருந்து, இப்போது நடந்தால் மட்டும் வலி, மூட்டு ஆடுவது போல உணர்வு: தேய்மானமாக இருக்கலாம். எக்ஸ்ரே தேவை.

இரண்டு விஷயங்களைக் கண்டிப்பாகச் செய்யாதீர்கள். ஒன்று, வீட்டில் மிச்சம் இருக்கும் ஆன்டிபயாட்டிக்கைப் போட்டுப் பார்ப்பது. மூட்டிலிருந்து நீர் எடுத்துச் சோதிக்கும்போது கிருமி அகப்படாமல் போய்விடும், எந்த மருந்து சரி என்று டாக்டருக்கும் தெரியாமல் போகும். இரண்டு, வீங்கிய காலில் எண்ணெய் போட்டு உருவிவிடுவது. உள்ளே ரத்தக் கட்டி இருந்தால் அது நகர்ந்து நுரையீரலுக்குப் போகும் ஆபத்து உண்டு.

எலும்பு சேர்ந்ததும் கம்பியை எடுத்தே ஆக வேண்டுமா? கட்டாயம் இல்லை. தொந்தரவு இல்லாத பல தகடுகளை அப்படியே விட்டுவிடுகிறார்கள். எடுப்பதும் ஓர் அறுவை சிகிச்சைதானே.

வார்டில் நீங்கள் கேட்க வேண்டியவை

அடுத்த முறை பாட்டியோடு போகும்போது இந்தக் கேள்விகளைப் போனில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

1. வைக்கப்போவது எந்த உலோகம்? நிக்கல் இருக்கிறதா?
2. பாட்டிக்குக் கவரிங் ஒத்துக்காது. அதனால் ஏதாவது மாற்ற வேண்டுமா?
3. சர்க்கரை அளவு போதுமான அளவு கட்டுப்பாட்டில் இருக்கிறதா?
4. வீட்டுக்குப் போன பிறகு என்ன அறிகுறி தெரிந்தால் திரும்பி வர வேண்டும்? யாரை அழைக்க வேண்டும்?
5. இம்ப்ளான்ட்டின் பெயர், மாடல், லாட் எண் எங்கே பதிவாகும்? எனக்கு ஒரு பிரதி கிடைக்குமா?

மலாயில் பேசும்போது 'அலாஹான்' என்றால் ஒவ்வாமை, 'ஜங்கித்தான்' என்றால் தொற்று. இரண்டையும் "உடம்புக்கு ஒத்துக்கல" என்று ஒரே வாக்கியத்தில் பாட்டிக்கு மொழிபெயர்த்துவிடாதீர்கள். முதலாவது என்றால் தோல் மருத்துவரைப் பார்க்கக் கொஞ்சம் காத்திருக்கலாம். இரண்டாவது என்றால் மணிக்கணக்குக்கூட முக்கியம்.

அந்த ஐந்தாவது கேள்விதான் நான் மறுபடி வருவோம் என்று சொன்னது. மலேசியாவில் மருத்துவச் சாதனங்களை 2012-ஆம் ஆண்டு மருத்துவச் சாதனச் சட்டத்தின் கீழ் மருத்துவச் சாதன ஆணையம் பதிவு செய்து கண்காணிக்கிறது. இம்ப்ளான்ட் வரும் பெட்டியில் மாடலும் லாட் எண்ணும் அச்சிட்ட ஸ்டிக்கர்கள் இருக்கும். அதில் ஒன்றை நோயாளியின் கோப்பில் ஒட்டுவார்கள். அதை ஒரு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நாளை ஏதாவது ஒரு மாடலைத் திரும்பப் பெறுகிறோம் என்று செய்தி வந்தால், பாட்டியின் முழங்கால் அந்தப் பட்டியலில் இருக்கிறதா என்று ஒரு நிமிடத்தில் பார்த்துவிடலாம்.

பாட்டியின் உடம்பு அந்த உலோகத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும். அதன் பெயரை ஞாபகம் வைக்க வேண்டியது நீங்கள்.